கொக்கின் தவம்

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக்கூடாது. தூத்துக்குடிக்குத் தெற்கே நான் பிறந்த கடற்கரையில் இதை யாரும் எழுதி ஒட்டியதில்லை. எழுதாமலே எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். வள்ளங்கள் மணலில் கிடக்கும், வலைகள் காயும், ஆண்கள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பூசைக்கு வருவார்கள். மீன் பிடிப்பது வேலை. அன்று வேலை இல்லை, அவ்வளவுதான்.

நான் இப்போது நர்ஸாக வேலை பார்க்கும் வின்செஸ்டரில், ஞாயிறு காலையில் ஃப்ளை ராடைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவர்கள் அதையே வழிபாடு என்கிறார்கள். எனக்கு ஃப்ளை, அதாவது முள்ளில் இறகைச் சுற்றிச் செய்யும் போலிப் பூச்சி, கட்டக் கற்றுக்கொடுத்த பெரியவரும் அப்படித்தான் சொல்வார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், கோவில் பக்கமே போகாதவர். "இட்சன் ஆறுதான் என் கோவில், வீசுவதுதான் என் செபம்" என்று அவர் சொல்லும்போது குரலில் விளையாட்டு இருக்காது. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடுவது இன்றும் சட்டப்படி குற்றம். இங்கே ட்ரவுட்டுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை.

செபம் என்ற சொல்லை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இரவுப் பணியில் சாகப்போகிறவர்களின் கட்டிலோரம் அதைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்: இன்னொரு உயிரின் வாயில் முள்ளை மாட்டி எனக்குக் கிடைக்கும் அமைதியைச் செபம் என்று சொல்லலாமா? ஃப்ளை ஃபிஷிங்கை நான் விரும்பிக் கற்றுக்கொண்டேன், இன்றும் விரும்புகிறேன். இந்தக் கேள்வியை நான் வெளியே நின்று கேட்கவில்லை.

செபம் என்ற அந்தப் பேச்சுக்கு இங்கே நல்ல வம்சாவளி உண்டு. வின்செஸ்டர் பேராலயத்துக்குள் ஐசக் வால்டனின் கல்லறை இருக்கிறது. 1683இல், தொண்ணூறு வயதில் இறந்தவர். அவர் கல்லறை உள்ள சிற்றாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் அவரே ஆற்றங்கரையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். கீழே, அமைதியாக வாழும்படி தெசலோனிக்கருக்குப் புனித பவுல் சொன்ன புத்திமதி. அவருடைய மீன்பிடி நூல் 'தி கம்ப்ளீட் ஆங்க்ளர்' 1653இல் வந்தது. உள்நாட்டுப் போரில் தோற்ற இங்கிலாந்து அரசரின் தலை வெட்டுண்டு நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அரசரின் பக்கம் நின்ற குருக்கள் பலர் பங்குகளை இழந்து அலைந்தார்கள். வால்டனின் மனமும் அந்தத் தோற்ற பக்கத்தில்தான் இருந்தது. ஆற்றங்கரை அவருக்கு ஒதுங்க ஓர் இடம். அந்த அமைதியை நான் மதிக்கிறேன்.

ஆனால் அதே புத்தகத்தில் ஓர் இடம் உண்டு. உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோக்கும் விதத்தை வால்டன் படிப்படியாகச் சொல்கிறார். வாய்க்குள் முள்ளைச் செலுத்து, செவுள் வழியாக வெளியே எடு, காலை ஊசிநூலால் கட்டு. இதையெல்லாம் செய்யும்போது அந்தத் தவளையை நேசிப்பவனைப் போலக் கையாள வேண்டுமாம். எதற்கு? இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கத்தான். அந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. இந்தக் கலையின் அன்பு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது, அதன் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அக்கறை உண்மையானது. ஆனால் யாருக்காக அந்த அக்கறை?

ஃப்ளை கட்டுவதைப் பற்றிச் சொன்னால்தான் அந்த அக்கறை எவ்வளவு ஆழமானது என்று புரியும். குளிர்காலத்தில் ஒரு கிராம மண்டபத்தில் வகுப்பு நடந்தது. மேசையில் முள்ளைப் பிடித்துக்கொள்ளும் சிறிய வைஸ், நூல்கண்டு, கத்தரி, இறகைக் கவ்வும் குட்டி இடுக்கி. ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் பிடித்துப் பழகிய கைக்கு அது ஒன்றும் புதிதாக இல்லை. முதலில் கட்டக் கற்றது ஃப்ராங்க் சாயரின் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், நீருக்குள் வாழும் இளம்பூச்சியின் போலி. வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரித்த காவலாளி அவர். 1958இல் வந்த அவருடைய புத்தகம் இன்றும் படிக்கப்படுகிறது. அவருடைய பூச்சிக்கு இரண்டே பொருள்தான்: ஃபெசன்ட் சேவலின் வால் இறகு இழைகள், தலைமயிர் போன்ற செப்புக் கம்பி. நூல்கூடக் கிடையாது.

நான்கு இழைகளைப் பிய்த்து நுனியைச் சமமாக்கி, முள் வளையத் தொடங்கும் இடத்தில் கம்பியால் கட்ட வேண்டும். நுனி வெளியே சற்று நீண்டால் அதுதான் வால். மீதி இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி முன்னோக்கிச் சுற்றினால் உடல். கம்பியோடு முறுக்காமல் சுற்றினால் ட்ரவுட்டின் பல் ஒரே கடியில் அறுத்துவிடும். மார்புப் பக்கத்தில் இழைகளை முன்னும் பின்னும் மடித்துக் கட்டினால், சிறகு விரியப்போகும் இளம்பூச்சியின் முதுகுப் புடைப்பு வந்துவிடும். கால்கள் எங்கே என்று கேட்டேன். கால் கிடையாது. நீந்தும்போது அந்தப் பூச்சி கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்ளும், அதைச் சாயர் தண்ணீருக்குள் பார்த்திருக்கிறார் என்றார் பெரியவர். பார்க்காதவன்தான் கால் வைப்பான்.

அந்தப் பதில்தான் என்னை உள்ளே இழுத்தது. இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் பார்த்த ஒரு பூச்சி இருக்கிறது. மேஃப்ளை என்று இங்கே சொல்லும் பெரிய பூச்சி ஆற்றடி வண்டலில் இரண்டு ஆண்டுகள்வரை புதைந்து வாழ்கிறது. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மேலே வந்து, தோலுரித்து, சிறகு காய்ந்து பறக்கிறது. கரைச் செடிகளில் ஒதுங்கி, முளைத்த சிறகோடு மறுபடியும் ஒருமுறை தோலுரிக்கிறது. சிறகு வந்த பிறகு தோலுரிக்கும் பூச்சிகள் உலகில் மேஃப்ளை வகைகள் மட்டும்தான். அதன் பிறகு அதற்கு வேலை செய்யும் வாயே கிடையாது. உண்ணாமல், கூடி, முட்டையிட்டு, ஓரிரு நாளில் செத்து மிதக்கிறது. ஊரில் அப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் ஓடிக்கொண்டிருக்கும், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். இங்கே அந்த வாரங்களில்தான் எல்லாரும் ஆற்றில் இருப்பார்கள்.

வீசுவதும் இப்படிக் கவனிக்கும் வேலைதான். கைத்தூண்டிலில் ஈயக்குண்டு இரையை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு எடையே இல்லை. எடை தடித்த நூலில் இருக்கிறது. நூல் பின்னால் போய் முழுதாக நீளும்வரை காத்திருந்து, பிறகு முன்னே தள்ள வேண்டும். காத்திருக்காவிட்டால் சிக்கல்தான். விழுந்த பூச்சி நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதக்க வேண்டும். நூல் அதை ஓர் அங்குலம் இழுத்தாலும் ட்ரவுட் விலகிவிடும். இந்தச் சுண்ணாம்புப் பாறை ஆறுகளின் நீர் கண்ணாடி போல இருப்பதால், மீன் வேண்டாம் என்று திரும்புவதையே பார்க்க முடியும்.

இதில் மதச்சண்டைகூட நடந்திருக்கிறது. நீர்மேல் மிதக்கும் பூச்சியைத்தான் போட வேண்டும், அதுவும் மேலே வந்து உண்ணும் மீனுக்கு மட்டும் என்று ஃப்ரெடரிக் ஹால்ஃபோர்ட் 1880களில் எழுதிய புத்தகங்கள் வேதமாகிவிட்டன. வின்செஸ்டருக்கு வடக்கே ஆபட்ஸ் பார்ட்டன் நீரில் 1883 முதல் 1938 வரை மீன்பிடித்த வழக்கறிஞர் ஸ்கியூஸ், மூழ்கும் நிம்ஃப் போட்டால் என்ன தப்பு என்று கேட்டார். 1938இல் லண்டன் கழகம் ஒன்றில் இதற்கென்றே விவாதம் வைத்து, கிழவரை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். எந்தப் பூச்சி நேர்மையானது என்று இத்தனை நுட்பமாக வாதாடியவர்கள், மீனுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி அதே அளவு வாதாடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கட்டுவது தூய்மை, பிடிப்பதுதான் பாவம் என்று பிரித்துவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. பழைய சால்மன் ஃப்ளைகளில் பக்கவாட்டில் கண் போலப் பளபளக்கும் ஓர் இறகு இருக்கும். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. விக்டோரியா காலத்தில் இந்தப் பறவைகளின் தோல்கள் கப்பலில் இங்கே வந்துகொண்டே இருந்தன. 2009இல் டிரிங் ஊரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓர் இளைஞன் ஜன்னலை உடைத்துப் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினான். இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரசல் வாலஸ் சேகரித்தவையும் அதில் இருந்தன. எல்லாம் இறகுக்காக, ஃப்ளை கட்டுவதற்காக. தங்கள் வலைக்கே பலியிட்டுத் தூபம் காட்டுகிறவர்களைப் பற்றி இறைவாக்கினர் அபக்கூக்கு முறையிடுகிறார். கருவியைக் கும்பிடும் வியாதி அவ்வளவு பழையது.

சரி, மீன். இங்கே ஆற்றில் பிறந்து வளர்ந்த பழுப்பு ட்ரவுட்டைப் பெரும்பாலும் திரும்ப விட்டுவிட வேண்டும். முள்ளின் எதிர்ப்பல்லை இடுக்கியால் நசுக்கி மட்டமாக்கி வைத்திருப்போம். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து, முள்ளைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். மூச்சை எண்ணுவது என் தொழில். ஓடிக் களைத்த உயிரின் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிதானமானதும் வாலை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்விடும். பக்கத்தில் நிற்பவர் "ஒன்றும் ஆகவில்லை" என்பார்.

ஒன்றும் ஆகவில்லையா? 2003இல் எடின்பரோ அருகிலுள்ள ராஸ்லின் ஆய்வு நிலையத்தில் லின் ஸ்னெடனும் உடனிருந்தவர்களும் ரெயின்போ ட்ரவுட்டின் முகத்தில் வலியூட்டும் தூண்டல்களுக்கு எதிர்வினை காட்டும் நரம்பு முனைகளைக் கண்டுபிடித்தார்கள். உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தொட்டியின் சரளைக் கற்களில் உதட்டைத் தேய்த்தன, உடலை இரு பக்கமும் ஆட்டின, தீனியைத் தொடவில்லை. மார்ஃபின் கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. இதை மறுப்பவர்கள் உண்டு. மீனின் மூளையில் நியோகார்டெக்ஸ் என்ற பகுதி இல்லை, அதனால் வலியை உணர வழியில்லை, அது வெறும் அனிச்சை என்பது ஜேம்ஸ் ரோஸ் 2002இல் முன்வைத்த வாதம்.

அந்த வாதத்தை என் தொழிலில் இருப்பவர்கள் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1980களின் நடுப்பகுதிவரை, பச்சிளங்குழந்தையின் மூளை வளரவில்லை, அது வலியை உணராது என்று நம்பி, தசைகளை மட்டும் அசையாமல் செய்துவிட்டு, போதிய வலி மருந்து இல்லாமல் அறுவை சிகிச்சை செய்தார்கள். 1987இல் டாக்டர் ஆனந்தின் ஆய்வுகள் வெளிவந்த பிறகுதான் அந்த வழக்கம் மாறியது. குழந்தை பேசவில்லை, ஆனால் உடல் பேசிக்கொண்டுதான் இருந்தது. நினைவு தப்பிய முதியவர்களின் வலியையும் நாங்கள் முகச்சுளிப்பையும் அசைவையும் பார்த்துத்தான் குறித்துக்கொள்கிறோம். மீனும் குழந்தையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. எதிரில் இருப்பது சொல்ல முடியாத உயிர் என்றால், சந்தேகத்தின் பலனை அதற்குத்தான் கொடுக்க வேண்டும் என்று என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடும் நோக்கத்தோடே மீன்பிடிப்பதைத் தடை செய்கின்றன. இங்கே இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை.

அப்பாவுக்கு ஒருமுறை வாட்ஸாப்பில் ஒரு ட்ரவுட்டை விடும் வீடியோவைக் காட்டினேன். ஆயுசு முழுக்கத் தூண்டிலும் வலையும் பிடித்த மனுஷன். மீன் வலிக்காமல் சாகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏளா, அத ஏன் வுட்ட?" என்றார். இங்கே விதி அப்படி என்றேன். "அப்பொ ஏன் புடிச்ச?" என்றார். நான் பேசாமல் இருந்தேன். "புடிச்சா தின்னு. வுடணும்னா தண்ணிக்குள்ளேயே வுட்ரு. நடுவுல நின்னுகிட்டு என்ன வெளையாட்டு?"

இதே கேள்வியை யோபு நூலில் கடவுளே கேட்கிறார். லெவியத்தானைத் தூண்டிலால் இழுப்பாயோ, குருவியோடு விளையாடுவது போல அதனோடு விளையாடுவாயோ என்று. அங்கே பேச்சு மனிதனின் வல்லமையைப் பற்றியது, மீனின் வலியைப் பற்றியது அல்ல. அது எனக்குத் தெரியும். ஆனாலும் தூண்டிலும் விளையாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும் அந்த இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம் திபேரியக் கடற்கரை இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். இராயப்பர் 153 பெரிய மீன்களை வலையோடு கரைக்கு இழுத்து வருகிறார். யாரும் எதையும் திரும்ப விடவில்லை. பிடித்ததில் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார், விருந்து நடக்கிறது. உண்பதற்காகப் பிடிப்பதை என் நம்பிக்கை ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை.

விடுவதற்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. நல்ல மீன் ஒரே ஒருமுறை பிடிபட்டுத் தீர்ந்துபோகக் கூடாத அளவுக்கு மதிப்புள்ளது என்று அமெரிக்காவின் லீ வுல்ஃப் 1939லேயே எழுதினார். அவர் வழியில் போன ஆறுகளில் மீன் மிஞ்சியது உண்மை. ஆனால் அந்த வாதம் விடுவதைத்தான் நியாயப்படுத்துகிறது. பிடித்ததை அது நியாயப்படுத்தவில்லை. பிடித்தாயிற்று, இனி என்ன செய்வது என்ற இடத்திலிருந்துதான் அது தொடங்குகிறது.

ஆகவே நான் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். சமைக்க மீன் வேண்டுமென்றால் வளர்ப்பு ரெயின்போ ட்ரவுட் விடப்பட்ட ஏரிக்குப் போகிறேன். எடுத்துப்போக அனுமதிச் சீட்டு உண்டு. பிடித்ததும் தலையில் ஒரே அடி, வீட்டுக்கு வந்து புளி கரைத்துக் குழம்பு. சால்மன் சிவப்பில் இருக்கும் அந்தச் சதை நம் மசாலாவை நன்றாகத் தாங்குகிறது. இட்சனில் இறங்கும்போது, கட்டிய ஃப்ளையின் முள் வளைவைக் கம்பிவெட்டியால் நறுக்கிவிடுகிறேன். நேரான கம்பிதான் மிஞ்சும். ட்ரவுட் எழுந்து வந்து வாயை மூடும், நூல் துடிக்கும், அடுத்த நொடியே துப்பிவிட்டுப் போய்விடும். கைக்கு எதுவும் வராது. ஆனால் நான் அறிய விரும்பியது வந்துவிடுகிறது. நான் பூச்சியைச் சரியாகப் பார்த்தேனா, இழுவையில்லாமல் மிதக்க விட்டேனா என்பதற்கு மீன் தீர்ப்பு சொல்லிவிட்டது. இந்தக் கலையில் நான் நேசித்ததில் பெரும்பகுதி அந்த நொடிக்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது.

அப்படியானால் அதையாவது செபம் என்று சொல்லலாமா? எதிர்க்கரையில் கொக்கு நிற்கிறது. இங்கத்திய சாம்பல் நாரை, ஆளுயரத்தில் பாதி. ஊரில் கொக்கின் ஒற்றைக்கால் தவம் என்றால் போலிச் சாமியாருக்கு உவமை. ஆனால் அதைப் பார்க்கப் பார்க்க அந்தக் கேலி அநியாயம் என்று படுகிறது. அந்த ஆற்றில் அதைவிடக் கவனமாக நிற்கும் உயிர் கிடையாது. கண், கழுத்து, கால் எல்லாம் நீரில் ஓர் இடத்தில் குவிந்திருக்கின்றன. மன ஒருமைதான் செபம் என்றால் வின்செஸ்டரிலேயே பெரிய புனிதர் அந்தக் கொக்குதான். அது பசிக்கிறது என்று நிற்கிறது, மீனைக் கொத்தித் தின்கிறது, போகிறது. தவம் என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. பெயர் வைத்தது நாம். கவனம் கொக்குக்கும் உண்டு, துப்பாக்கியைக் குறிபார்ப்பவனுக்கும் உண்டு. என் ஆள்காட்டி விரல் ஊசி மருந்தை அளக்கும்போதும் உண்டு. அது ஒரு திறமை. எதிரில் உள்ளதிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ள நினைக்காத இடத்தில்தான் அது செபமாகிறது என்று நான் நம்புகிறேன். முள் இல்லாவிட்டாலும் நான் அங்கே எடுத்துக்கொள்ளத்தான் நிற்கிறேன்: ஒரு பொய்யைக் காட்டி, மீனின் ஒரு சம்மதத்தை. அதனால் அதற்கு விளையாட்டு என்றே பெயர் வைத்திருக்கிறேன். நல்ல விளையாட்டு. செபத்தைக் கோவிலில் செய்துகொள்கிறேன்.

பெரியவருக்கு இதில் உடன்பாடில்லை. மாதம் ஒருமுறை நாங்கள் ஆற்றுப்பூச்சிக் கணக்கெடுப்புக்குச் சேர்ந்து போகிறோம். மூன்று நிமிடம் ஒருவர் காலால் ஆற்றடியைக் கிளற, அடுத்தவர் கீழே வலையைப் பிடிக்க வேண்டும். பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டி மேஃப்ளை இளம்பூச்சி, கூடு கட்டும் புழு, நன்னீர் இறால் என்று வகைவகையாக எண்ண வேண்டும். எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் போகும். கழிவுநீர் கலந்தது இப்படித்தான் பல இடங்களில் வெளியே தெரிய வந்திருக்கிறது. "இதையெல்லாம் செய்வது மீன்பிடிக்கிறவர்கள்தான். எல்லாரும் உன்னைப் போல முள்ளை நறுக்கிவிட்டால் சந்தா கட்ட யார் இருப்பார்கள், இந்த ஆற்றுக்கு யார் காவல்?" என்று கேட்கிறார். கனமான கேள்விதான். மீன் இழுத்த அந்த நாளில்தான் இந்த ஆறு தன்னுடையதாயிற்று என்கிறார். அதை நான் நம்புகிறேன், அவர் முகத்திலேயே தெரிகிறது. எனக்கு அது வேறு வழியில் வந்தது, கால் இல்லாத அந்த நிம்ஃபைக் கட்டியபோது. அந்த வழியாகவும் ஆட்கள் வருவார்களா என்று பார்க்கத்தான் இந்தக் குளிர்காலத்தில் மண்டபத்து வகுப்பில் ஒரு மேசையை நான் எடுத்து நடத்துகிறேன். நறுக்கிய முள்ளில் கட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். பக்கத்து மேசையில் அவர் முழு முள்ளில் கட்டச் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் இரண்டு மேசைக்கும் வந்து போகிறார்கள்.